ஓடாத ஹெரால்டுக்கு என்ன விலை?

"1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஓடும் நிலையில் இல்லை. எல்லாச் சாமானும் இருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்."

பழைய கார் விளம்பரங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கூடவே ஒரு படம். நான்கு டயரும் காற்றிறங்கி மண்ணில் பதிந்திருக்கும், பானெட் மேல் வேப்பஞ்சருகு குவிந்திருக்கும், உள்ளே சீட்டைக் கிழித்து எலி குடும்பம் நடத்தியிருக்கும். விலையைப் பார்த்தால்தான் குழப்பம். ஒரு விளம்பரத்தில் இரும்புக்கடை விலை, அதே மாடலுக்கு இன்னொன்றில் நல்ல செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கிவிடக்கூடிய விலை. நடுவில் "15 வருஷ வண்டியையெல்லாம் உடைக்கிறார்களாமே" என்ற செய்தி வேறு. இப்படிப்பட்ட காரை இன்றைய சட்டப்படி வாங்கலாமா, சீர்செய்து சாலையில் ஓட்டலாமா, எதை வைத்து விலை பேசுவது?

சுருக்கமான பதில்: கைவிடப்பட்ட காரின் விலையைத் தீர்மானிப்பது அதில் இல்லாமல் போன பொருள்கள். காகிதம் இல்லையா, தகரம் இல்லையா, சாமான் இல்லையா என்ற வரிசையில் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடவில்லை என்பது இந்த மூன்றுக்கும் பின்னால் வருகிற கவலை. வாங்கப் போகிறவர்களில் பலர் நேர் எதிராக, முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள்.

## வின்டேஜ், கிளாசிக், வெறும் பழசு

பேச்சில் எல்லாப் பழைய காரும் 'வின்டேஜ்'தான். சட்டத்தில் அப்படி இல்லை. மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'வின்டேஜ்' என்று வரையறுத்தது. இறக்குமதியான வண்டிகளுக்கும் இது பொருந்தும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ் என்கிற அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 30 ஆண்டு கடந்த, சரித்திரப்படி சரியான நிலையில் காக்கப்படுகிற, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியை 'வரலாற்று வாகனம்' என்கிறது. நம் ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த 30 ஆண்டு கணக்கு செல்லாது. 1985 பத்மினி நம் சட்டத்தின் கண்ணில் 2035 வரை வெறும் பழைய கார்தான். 'கிளாசிக்' என்பது விற்பவர் வாயில் பிறக்கிற சொல். அதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

## எந்தக் கார்கள்?

இந்தியச் சந்தையில் 'புராஜெக்ட் கார்', அதாவது சீர்செய்து எடுக்க வேண்டிய கார், என்று விற்பனைக்கு வருபவற்றில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அம்பாசிடர் 1957-இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் அச்சில் பிறந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை உற்பத்தியானது. ஃபியட் 1100-இலிருந்து வந்த பிரீமியர் பத்மினி பம்பாய்க் குர்லாவின் கார். மூன்றாவது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னைக்காரர்.

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சீரமைப்புக் கணக்கு முழுவதையும் இந்த ஒரு வண்டியை வைத்தே விளக்கிவிடலாம். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் தனிச் சேசிஸை விட்டுவிட்டு, உடம்பே எலும்பாக இருக்கும் மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கோ பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய பாணியில் தனிச் சேசிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைக்கு அது ஒரு சமாளிப்பு. அறுபது வருஷம் கழித்துச் சீரமைப்பவருக்கு அதுவே வரம்: போல்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும்; எஞ்சின் பக்கத்தில் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-இலிருந்து 948 சிசி எஞ்சினுடன் இதைச் செய்தது. பிறகு நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவு மட்டும்தான். நான்கு கதவு இந்தியாவுக்கே உரியது. 70-களில் அதன் வாரிசாக வந்த கேசலும் இங்கே மட்டுமே உள்ள வண்டி. இந்தத் தகவல் பெருமைக்காகச் சொல்வதில்லை. இரண்டு கதவு ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவுக் கண்ணாடி உடைந்திருந்தால் உலகத்தில் அதைத் தேடுவதற்கு ஒரே தேசம்தான் இருக்கிறது.

## முதலில் காகிதம்

துருப்பிடித்த இரும்பை வெட்டி ஒட்டலாம். இல்லாத ஆர்.சி.யை ஒட்ட முடியாது. ஆகவே பார்க்க வேண்டிய வரிசை:

1. ஆர்.சி. யார் பெயரில்? சொந்தக்காரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம் 31. வண்டி முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அப்புறம்தான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு வரும். நான்கு வாரிசு இருந்து ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், வண்டி மலிவாகக் கிடைக்கிற காரணம் உங்களுக்கே விளங்கிவிடும்.

2. நம்பர் ஒத்துப்போகிறதா? ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் வெட்டிய இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நாளை ஆர்டிஓவில் கேட்கப்போவதும் இதே பென்சில் பிரிண்ட்தான். எழுத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ, புதுத் தகடோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம்.

3. கணினியில் இருக்கிறதா? மூன்றெழுத்து மெட்ராஸ் நம்பர் வண்டிகள் பலவற்றின் விவரம் வாகனப் பதிவுக்கான அரசின் 'வாகன்' இணையதளத்தில் ஏறவே இல்லை. பழைய பேரேட்டைப் பார்த்து ஆர்டிஓ அலுவலகம் ஏற்ற வேண்டும். விற்பவரையே இதை முடித்துத் தரச் சொல்வது நல்லது. அவர் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

4. பதிவு உயிரோடு இருக்கிறதா? சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று ஒரு கூடுதல் கட்டணமும் விதியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. வருஷக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டிக்கு இந்தப் பாக்கி மொத்தம் எவ்வளவு என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

5. ஏலத்தில் வந்த வண்டியா? 'ஸ்கிராப்' என்று ஏலம் போன வண்டியின் பதிவு ரத்தாகியிருக்கும். அதை எவ்வளவு அழகாகச் செய்தாலும் சாலைக்குக் கொண்டுவர முடியாது. முன்பு கலெக்டர் ஆபீஸ், பொதுப்பணித் துறை வளாகங்களிலிருந்து கழிக்கப்பட்ட வெள்ளை அம்பாசிடர்கள் சந்தைக்கு வரும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் பதிவுப் புதுப்பிப்பே கிடையாது. அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஊற்று அடைபட்டுவிட்டது. நல்ல அம்பாசிடருக்கு விலை ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

"15 வருஷ வண்டியை உடைக்கிறார்கள்" என்ற செய்தி பெரும்பாலும் டெல்லியைப் பற்றியது. தலைநகர் வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் நீதிமன்ற, தீர்ப்பாய உத்தரவுகள் வழியாக வந்த கட்டுப்பாடு அது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயதுத் தடை கிடையாது. தகுதிச் சோதனையில் தேறிப் பதிவைப் புதுப்பித்தால் ஓட்டலாம். டெல்லிப் பதிவு வண்டி மலிவாக இருக்கிறதே என்று வாங்குபவர், தடையில்லாச் சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.

சரி, 50 ஆண்டு கடந்துவிட்டது என்றால்? வின்டேஜ் விதியின்படி புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' என்ற தனி வரிசை எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாராவாரம் குடும்பத்தோடு மகாபலிபுரம் போக நினைக்கிறவருக்கு அது ஏற்றதல்ல. வழக்கமான பதிவைச் சாகவிடாமல் காப்பதுதான் அவருக்குச் சரி.

முன்பு சொன்ன 'அசல் வடிவம்' நிபந்தனை இங்கேதான் கடிக்கிறது. பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்ட பழைய கார்கள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால்கூட வின்டேஜ் தகுதி கேள்விக்குறிதான். ஏறவில்லை என்றால் இன்னும் சிக்கல்: தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பழைய கூட்டுக்குள் புது எஞ்சின், பவர் ஸ்டீயரிங், ஏசி என்று வீடியோக்களில் பார்ப்பதெல்லாம் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

## அடுத்து தகரம்

அம்பாசிடரும் பத்மினியும் மோனோகாக் வண்டிகள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும், 'சில்' (sill) எனப்படும் பெட்டிபோன்ற பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே அந்தப் பெட்டி பிஸ்கட் மாதிரி உதிரும். ஹெரால்டில் இந்த 'சில்' வெறும் மூடி. பாரத்தைத் தாங்குவது சேசிஸும் அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும். ஆகவே ஹெரால்டுக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கொட்டகையில் கிடந்த வண்டி ஏன் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது? ஓடும் வண்டி காய்ந்துவிடும், கிடக்கும் வண்டி காயாது. கண்ணாடி ரப்பர் வெடித்த இடத்தில் உள்ளே இறங்கும் மழைநீர் தரையின் ரப்பர் மேட்டுக்கு அடியில் தங்கும். மேட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள சணல் அட்டை அதை உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்திருக்கும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளையைச் சருகு அடைத்தால் கதவே தொட்டியாகிவிடும். மண்தரையில் நிற்கும் வண்டிக்கு அடியிலிருந்தும் ஈரம் ஏறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் பழைய கார் பிரியர்கள் கோயம்புத்தூர் வண்டி என்றால் ஒரு படி கூடுதலாகக் காது கொடுக்கிறார்கள்.

பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ஜாக்கி, ஒரு டார்ச் போதும்.

1. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு விளிம்பு, கதவின் அடிப்பகுதி, டிக்கி மூலை ஆகியவற்றில் ஒட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை நிரப்பப் பூசிய பட்டிதான் (putty) இருக்கிறது.
2. ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். விற்பவர் "அது ஒட்டிக்கிச்சு சார்" என்றால் கட்டாயம் தூக்குங்கள். அடியில் தரை தெரிய வேண்டும். மண்தரை தெரியக் கூடாது.
3. மோனோகாக் வண்டி என்றால் ஒரு பக்கத்தை ஜாக்கியில் மெதுவாகத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தூக்குவதற்கு முன் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் உடம்பு வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்த இடமே நொறுங்கினால் சோதனை அங்கேயே முடிந்தது.
4. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் வண்டியோடு சேரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், செத்த இரும்பு 'தொப்' என்று கேட்கும்.

நம் ஊரில் இன்னும் நல்ல டிங்கரிங் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். தட்டையான தகட்டைச் சுத்தியலாலும் மரக்கட்டையாலும் தட்டியே மட்கார்டு வளைவைக் கொண்டுவந்துவிடுவார்கள். செலவாவது தகடு இல்லை, நாள். மூன்று மாதத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை மூன்று வருஷம் இழுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பழைய பெயிண்டைச் சுரண்டும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்கும் தெரியாது. ஆகவே மொத்தமாக விலை பேசாமல், சுரண்டி முடித்த பிறகு ஒருமுறை உட்கார்ந்து பேசுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.

## சின்னச் சாமான், பெரிய செலவு

"எல்லாச் சாமானும் இருக்கிறது" என்ற விளம்பர வரியைச் சோதிக்க ஒரு பட்டியலோடு போங்கள். முகப்பு கிரில், விளக்கு வளையம், பெயர் எழுத்துகள், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் ஹேண்டில், டேஷ்போர்டு மீட்டர், பீடிங் பட்டைகள், வளைந்த பின்கண்ணாடி. பிஸ்டன், பேரிங், பிரேக் ரப்பர் ஆகியவற்றுக்கு மாற்று கிடைக்கும், அல்லது லேத்தில் வழி பண்ணலாம். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின் பிஎம்சி பி-சீரீஸ் குடும்பம். பிரிட்டனின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே அளவு எஞ்சின் இருந்ததால் வெளிநாட்டிலும் தேடலாம். குரோம் பீடிங்குக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் நாள் கணக்கில் நடந்து, வலப்பக்கத்துப் பட்டை கிடைத்து இடப்பக்கத்தது கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு.

ஆர்.சி. இல்லாத வண்டிக்கும் ஒரு நியாயமான விலை உண்டு என்பது இங்கே வருகிறது. அது சாமான் விலை. காகிதம் சரியாக இருக்கும் ஒரு வண்டியும், காகிதம் இல்லாமல் சாமான் முழுதாக இருக்கும் இன்னொன்றும் சேர்ந்தால்தான் பல சமயம் ஒரு முழுக் கார் பிறக்கிறது. சேசிஸ் நம்பரை மட்டும் ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்ட நினைக்காதீர்கள். அது சீரமைப்பு இல்லை, குற்றம்.

## எஞ்சின்

கடைசியாக இது. பல வருஷம் தூங்கிய எஞ்சினை வாங்கிய அன்றே பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற ஆசைதான் அதைக் கொல்கிறது. சிலிண்டர் சுவரில் படிந்த துரு பிஸ்டன் ரிங்கை உடைக்கும். ஆயில் வற்றிய பேரிங் உரசும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும் துளை உள்ள வண்டிகளில் இது சுலபம். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சுற்றாவிட்டாலும் சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் ரீபோர், கிராங்க் தண்டைத் தீட்டும் கிராங்க் கிரைண்டிங் என்று லேத் பட்டறைகள் நன்றாகப் பழகிய வேலைதான். முன்கூட்டியே செலவு சொல்லிவிடக்கூடிய ஒரே பகுதியும் இதுதான்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் எதுவும் செய்யாதீர்கள். பழைய பெட்ரோல் பிசினாகி, அடியில் துருப்பொடியோடு காத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது என்பதால் வீல் சிலிண்டர்கள் உள்ளே அரித்திருக்கும். வண்டியை ஓடவைப்பதற்கு முன் நிற்கவைக்கும் வேலை முடிய வேண்டும்.

எரிபொருளே மாறிவிட்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. வால்வு உட்காரும் இடம் தேயாமல் ஈயம் காத்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்துவிட்டது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டியான வால்வு சீட் போட்டுவிடலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் கார்க் கேஸ்கட்டையும் பாழாக்கும். அதைவிட, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். தினமும் ஓடும் வண்டி அதற்குள் எரித்துவிடும். மாதம் ஒருமுறை வெளியே வரும் பழைய காருக்குத்தான் ஆபத்து. பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும், நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வைப்பதும் இனி வேலைப் பட்டியலில் நிரந்தரம்.

## கொட்டகைப் புதையல் என்ற மயக்கம்

விற்பவர் சொல்லும் விலைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு செய்தி இருக்கும். 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில், ரோஜர் பையோன் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபர் சேர்த்துவைத்து, பிறகு பண்ணையில் பல பத்தாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த 59 கார்கள் விற்றன. பழைய பத்திரிகைக் குவியலுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. தூசியைக்கூடத் துடைக்காமல் ஏலத்துக்கு வைத்தார்கள்.

அந்த ஃபெராரி மொத்தம் செய்யப்பட்டதே சில பத்துகளில். ஒரு பிரபல நடிகரோடு புகைப்படத்தில் இடம்பெற்ற வண்டி அது. பிறந்த கதை முழுக்கக் காகிதத்தில் இருந்தது. லட்சக்கணக்கில் செய்யப்பட்டு, மூன்று முறை பெயிண்ட் அடித்து, எஞ்சின் மாற்றி, டாக்சியாகவும் ஓடிய காருக்குத் தூசி மதிப்பு சேர்க்காது. பெயிண்ட் முதற்கொண்டு கம்பெனியில் வந்தபடியே, ஒரே வீட்டில், முதல் பில்லோடு கிடக்கும் வண்டி அரிது. அப்படி ஒன்று கிடைத்தால் புதிதாக்காமல் காப்பதுதான் முறை. ஃபீவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் அதையே வலியுறுத்துகிறது: முடிந்தவரை காப்பாற்று, தேவைப்பட்டால் மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை.

மற்ற வண்டிகளுக்கு விலை பேசும் வழி ஒன்றுதான். அதே மாடல் நல்ல நிலையில், காகிதத்தோடு, ஓடுகிற வண்டியாக என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். அதிலிருந்து காகிதப் பாக்கி, தகர வேலை, இல்லாத சாமான், எஞ்சின், பெயிண்ட், சீட் என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். கணக்குப் புரிவதற்காக மட்டும்: நல்ல வண்டி 4 லட்சம், வேலை 3.5 லட்சம் என்றால் மிச்சம் 50,000. பலருக்கு இந்தக் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போகும். "தாத்தா ஓட்டின வண்டி, பரவாயில்லை" என்று அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்கிறவர் தாராளமாகத் தாங்கிக்கொள்ளலாம். விற்றால் லாபம் வரும் என்று தொடங்குகிறவர், ஏற்கெனவே ஒருவர் சீர்செய்து களைத்துப்போய் விற்கும் வண்டியைத் தேடிப் போகட்டும். அந்த விளம்பரங்களும் வருகின்றன. அவற்றில் "முக்கால்வாசி வேலை முடிந்தது" என்று எழுதியிருக்கும். கழற்றிய சாமானெல்லாம் அட்டைப்பெட்டிகளில் பெயரெழுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.